ஜெபத்தின் நடுவில் அடித்த மணி

ஆமென் அக்காவுக்கு ஜெபம் பண்ணத் தெரியாது என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த ஆஸ்பத்திரியின் நாலு மாடியும் சேர்ந்து சிரித்திருக்கும். அந்தப் பட்டப்பெயரை வைத்தவர் லிஃப்ட் ஓட்டுகிறவர். "அக்கா ஜெபத்தை ஆரம்பிச்சா, ஆமென் வர்றதுக்குள்ள நமக்கு ரிட்டயர்மென்ட் வந்துரும்" என்பார். கேலி பேசுகிற அந்த மனுஷர்தான், மகனுக்கு வேலைக்கு நேர்முகத் தேர்வு என்றதும் முதல் ஆளாய் அடித்தளத்துக்கு இறங்கி வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார். மகனுக்கு வேலையும் கிடைத்தது. அதற்குப் பிறகும் கேலியை விடவில்லை.

அடித்தளத்தில், சலவை அறைக்கும் மருந்துக் கிடங்குக்கும் நடுவில் இருந்தது அக்காவின் ஸ்டீம் ரூம். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ரத்தமும் சதையுமாய் வரும் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் கழுவிக் காய்ந்து அவள் கைக்கு வரும். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். தட்டில் வரிசையாய் அடுக்கி, இரட்டைத் துணியில் மூட்டையாய்க் கட்டி, மேலே டேப் ஒட்டி, ஆள் உயரத்துக்கு நிற்கும் நீராவி மெஷினுக்குள் தள்ளிக் கதவைப் பூட்டுவாள். டேப்பில் இருக்கும் வெளிறிய கோடுகள் நீராவி பட்டால் கறுக்கும். கறுத்திருந்தால் சூடு பட்டிருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு நேரம் பட்டது என்பதை டேப் சொல்லாது, மெஷின் வாயிலிருந்து வரும் காகிதச் சுருள்தான் சொல்லும். முழுசாய் வெந்துவிட்டால் மெஷின் நீளமாய் ஒரு மணி அடிக்கும். நடுவில் சூடு விழுந்துவிட்டால் குட்டிக் குட்டியாய் மூன்று மணி, யாராவது வந்து பொத்தானை அமுக்கும்வரை திரும்பத் திரும்ப அடிக்கும். இருபத்திரண்டு வருஷமாய் இந்த மணிகளோடு குடித்தனம் நடத்தியவள் அக்கா. அவளுக்குப் போய் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்ன!

ஜெபம் அவளுக்கு வந்தது சின்ன வயதில். அப்பா சபையில் மணியடித்து, பாய் விரித்து, விளக்கு துடைக்கிற வேலையில் இருந்தார். வீட்டில் தினமும் பிள்ளைகள் வரிசையாய் ஜெபிக்க வேண்டும். அண்ணன்கள் இரண்டு பேரும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு விளையாட ஓடுவார்கள். இவள்தான் போதகர் பேசுகிற மாதிரியே இழுத்து, ஏற்றி, இறக்கி, கேட்கிறவர் கண்ணில் தண்ணீர் வரவைத்துவிட்டு நிறுத்துவாள். "இந்தப் பிள்ளைக்கு வரம்" என்றார்கள் வந்து போகிறவர்கள். அவளும் நம்பினாள்.

பதினோரு வயதில் அம்மா படுத்த படுக்கையானாள். ஒரு நாள் மத்தியானம் இவள் யாருக்கும் தெரியாமல் குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து, "எங்க அம்மாவ எடுத்துக்காதீங்க, ஆண்டவரே" என்று கேட்டாள். இழுக்கவில்லை, ஏற்றவில்லை, இறக்கவில்லை. அவ்வளவுதான் கேட்டாள். கதவைத் திறந்து வெளியே வந்தபோது பக்கத்து வீட்டு அத்தை கூடத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

அடக்கத்தன்று எல்லோரும் இவளை ஜெபிக்கச் சொன்னார்கள். ஜெபித்தாள். கல்லறைத் தோட்டமே தேம்பியது. அன்றைக்குத்தான் அந்தச் சிறுக்கி ஒன்றைக் கற்றுக்கொண்டாள். தனியாய்க் கேட்டால் பதில் வராது. ஆட்கள் நடுவில் கேட்டால் பதில் அந்த இடத்திலேயே கிடைத்துவிடும், ஏனென்றால் அதை ஆட்களே கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு நாற்பத்தோரு வருஷம் அவள் கடவுளிடம் தனியாய் ஒரு வார்த்தை பேசவில்லை. பரீட்சைக்கு ஒரு ஜெபம், பிரசவத்துக்கு ஒன்று, புது வீட்டுக்கு ஒன்று, ஆபரேஷனுக்கு ஒன்று என்று எல்லாம் தயாராய் வைத்திருந்தாள். வீட்டில் தனியாய் இருக்கும்போது ரேடியோ ஓடும், அது நின்றால் துணி துவைக்கிற சத்தம் கேட்கும். சும்மா உட்கார்ந்தால் அந்தக் குளியலறை ஞாபகம் வந்துவிடுமோ என்று பயம். பயம் என்று அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். வேலை இருக்கிறது என்பாள்.

அவள் வீட்டுக்காரர் வெல்டர். அவருடைய ஜெபம் மூன்றே வார்த்தை, சாப்பாட்டுக்கு முன்னால், அதுவும் வாய்க்குள்ளேயே. ஒரு தடவை கை கழுவிக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, ஊருக்கெல்லாம் நீ ஜெபம் பண்றே. உனக்கு யாரு பண்றாங்க?"

"எனக்கென்ன குறை?" என்று சொல்லி, துண்டை எடுத்து அவர் முகத்தில் எறிந்தாள். பேச்சு அதோடு முடிந்தது.

இனி அந்த நாளைச் சொல்கிறேன்.

காலை பத்து மணிக்கு முதல் மெஷினில் எலும்பு செட்டையும் இரண்டு துணி மூட்டைகளையும் ஏற்றிக் கதவைப் பூட்டினாள். எலும்பு செட் என்றால் துளை போடுகிற கருவி, தகடு, திருகு, சுத்தியல் எல்லாம் அடங்கிய கனத்த தட்டு. தட்டுக்கு உள்ளே, முழு நேரமும் நீராவி பட்டால் மட்டும் நிறம் மாறும் ஒரு அட்டையும் வைக்க வேண்டும். அது தீர்ந்து ஒன்பது நாள் ஆகிவிட்டது, கிடங்கில் கேட்டால் "வரும், வரும்" என்கிறார்கள். கூட வேலை பார்க்கிறவள் லீவு. அக்கா ஒற்றை ஆள்.

மெஷின் சூடேறி முனகிக்கொண்டிருந்தபோது மூணாம் மாடி வந்து நின்றாள். மூன்றாவது மாடியைப் பெருக்கித் துடைக்கிறவள், அதனால் அவளுக்கு அந்தப் பெயர். புருஷன் இல்லை. ஒரே மகள், பதினாலு வயது, சைக்கிளோடு விழுந்து தொடை எலும்பு இரண்டாய்ப் போய் ஒரு வாரமாய் அதே மாடியில் படுத்திருந்தாள்.

"அக்கா, இன்னிக்கு ரெண்டு மணிக்குப் புள்ளைக்கு ஆபரேஷன். தகடு வைக்கிறாங்களாம். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஒரு ஜெபம் பண்ணுங்கக்கா. எனக்கு உங்கள மாதிரி வார்த்தை வராது."

அக்கா அவள் கையைப் பிடித்தாள். கண்ணை மூடினாள். ஆபரேஷன் ஜெபம் தானாய் வாயில் வந்து நின்றது. "வானத்தையும் பூமியையும் உமது உள்ளங்கையில் தாங்குகிற அன்பின் பரம தகப்பனே..." சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கு நன்றாக வந்தது. குரல் குழாய்களில் பட்டுத் திரும்பி வந்தது. மூணாம் மாடி விசும்ப ஆரம்பித்தாள். "மருத்துவர்களின் கரங்களை உமது கரங்களாக்கும். அவர்கள் எடுக்கிற ஒவ்வொரு கருவியையும் உமது பரிசுத்தத்தினால் சுத்தமாக்கும்..." என்று அக்கா ஏறிக்கொண்டிருந்த இடத்தில் மெஷின் கத்தியது.

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. இடது கையைப் பின்னால் நீட்டி, இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கத்தில் பொத்தானைத் தடவி அமுக்கினாள். சத்தம் நின்றது. ஜெபத்தில் ஒரு வார்த்தை பிசகவில்லை. அது அவளுக்கே கொஞ்சம் பெருமையாய் இருந்தது.

லிஃப்ட்காரர் சொன்னது போல ஆமென் வர நேரமாயிற்று. மூணாம் மாடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்பத்தான் உயிரே வந்துச்சுக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்கா திரும்பிப் பார்த்தாள். மெஷின் அடங்கி ஆறிப்போயிருந்தது. முடிந்துவிட்டது போல என்று கதவைத் திறந்தாள். டேப் கறுப்பு. காகிதச் சுருளைக் கிழித்தாள், கையெழுத்துப் போட்டாள், ஃபைலில் குத்தினாள். எலும்பு செட்டைச் சின்ன லிஃப்டில் வைத்துத் தியேட்டருக்கு அனுப்பினாள். காதில் 'உயிரே வந்துச்சுக்கா' இன்னும் இனித்துக்கொண்டிருந்தது.

மத்தியானம் ஒன்றரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும். டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டாவது மெஷின் முடிவதற்காகக் காத்திருந்தாள். மணி அடித்தது. நீளமாய் ஒன்று.

எழுந்தவள் அப்படியே நின்றாள்.

இது ஒன்று. காலையில் அடித்தது எத்தனை?

கண்ணை மூடியதும் காதுக்குள் அந்தச் சத்தம் திரும்ப வந்தது. பரிசுத்தத்தினால் சுத்தமாக்கும் என்று அவள் சொல்லும்போது குட்டி, குட்டி, குட்டி. மூன்று. "சேச்சே, இருக்காது" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஃபைலை எடுத்தாள். இருபது நிமிடம் நிற்க வேண்டிய சூடு ஆறாவது நிமிடத்தில் சரிந்திருந்தது. அடியில் 'முடியவில்லை' என்று மெஷின் அடித்து வைத்திருந்தது. அதற்கு மேலேயே அவள் கையெழுத்து, வால் சுழித்து, அழகாய்.

எலும்புக்குள் கிருமி போனால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டாம். மாதக்கணக்காய்ச் சீழ் வடிந்து, திரும்பத் திரும்ப அறுத்து, கடைசியில் காலையே எடுத்துவிட்டுத் தள்ளு நாற்காலியில் போன ஆட்களை அவள் பார்த்திருக்கிறாள். பதினாலு வயசுப் பிள்ளை. இரண்டு மணிக்கு.

சுவரில் தொலைபேசி இருந்தது. தியேட்டருக்கு நாலு எண். மூன்றை அழுத்தினாள். நாலாவதற்கு விரல் போகவில்லை. என்ன சொல்வது? 'மணி அடிச்சுது, நான் நிறுத்திட்டேன்' என்றா? 'ஏன் நிறுத்தினே?' 'ஜெபம் பண்ணிட்டிருந்தேன்.' நாளைக்கு இந்த ஆஸ்பத்திரியில் யார் முகத்தில் முழிப்பது? வேலை போகும். ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று எந்த வாயால் ஜெபிப்பது? ரிசீவரை வைத்துவிட்டாள். வைத்த கையைப் பார்த்தாள். அது தன் கையாய்த் தெரியவில்லை.

துணிகள் அடுக்கும் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அங்கே ஜன்னல் கிடையாது. பச்சைத் துணிக் கட்டுகள் கூரைவரை, சலவைச் சோடா வாசனை, ஒற்றை பல்பு. ஒரு கட்டின்மேல் உட்கார்ந்து கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்தாள்.

"வானத்தையும் பூமியையும் உமது உள்ளங்கையில் தாங்குகிற..."

வாய் தானாய் ஓடியது. இழுவை, ஏற்றம், இறக்கம், எல்லாம் சரியாய் வந்தது. கேட்க யாரும் இல்லை. விசும்ப ஆள் இல்லை. தன் குரலைத் தானே கேட்டாள். அது யாரோ கடையில் சரக்கு விற்பது போலிருந்தது. பாதியில் நிறுத்தினாள். அறை அமைதியாகிவிட்டது. அந்த அமைதிதான் அவள் நாற்பத்தோரு வருஷமாய் ஓடி ஒளிந்த அமைதி. தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் பாவாடை ஈரம்கூட அவளுக்கு ஞாபகம் வந்தது. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. எங்கே ஓடுவது? வெளியே ஃபைல் இருக்கிறது.

"ஆண்டவரே," என்றாள். குரல் கரகரத்தது. "பயமா இருக்கு."

அதற்கு மேல் வார்த்தை இல்லை. ஊருக்கெல்லாம் வார்த்தை சப்ளை பண்ணினவள் கைவசம் ஒன்றுகூட மிச்சமில்லை. மறுபடி பேச்சு வந்தது தட்டுத் தடுமாறித்தான்.

"நீங்களே அந்தக் கிருமிய எல்லாம் சாகடிச்சிருங்க. உங்களால முடியாதா? ஒரு தட்டுதானே. யாருக்கும் தெரிய வேணாம். நான் இனிமே... இனிமே நான்..."

இனிமே என்ன? அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. எதைக் கேட்கிறோம் என்று அப்போதுதான் காதில் விழுந்தது. பிள்ளையின் காலைக் காப்பாற்று என்று அவள் கேட்கவில்லை. நான் போய்ச் சொல்லாமல் இருக்கும்படி காப்பாற்று என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். சீ என்று ஆகிவிட்டது. முகத்தைப் பச்சைத் துணியில் புதைத்துக்கொண்டு அழுதாள்.

"நீங்க இருக்கீங்களான்னே எனக்குத் தெரியல," என்றாள் துணிக்குள்ளேயே. "அம்மாவக் கேட்டேன், தரல. அதுக்கப்புறம் உங்கள நம்பவும் பயம், விடவும் பயம். எல்லார்கிட்டயும் உங்களப் பத்தியே பேசினேன், உங்ககிட்ட மட்டும் பேசல. கோவமா இருந்தேன். இப்பவும் கோவம்தான். ஆனா அந்தப் புள்ளைய விட்டுராதீங்க. நான் போறேன். எனக்குக் கால் நடுங்குது. கூட வாங்க."

பதில் ஒன்றும் வரவில்லை. குரல் கேட்கவில்லை, வெளிச்சம் தெரியவில்லை. ஆனால் சொல்ல வேண்டியதை முதல் ஆளிடம் சொல்லியாகிவிட்டது, இனி இரண்டாவது ஆளிடம் சொல்வது மட்டும்தான் பாக்கி என்று இருந்தது. எழுந்து கதவைத் திறந்தாள். மணி ஒன்று ஐம்பது.

தொலைபேசியில் நாலு எண்ணையும் அழுத்தினாள். லைனில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். மறுபடி அழுத்தினாள், அதே கொர் கொர். அந்தக் காகிதச் சுருளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். லிஃப்ட் மேலே எங்கேயோ ஸ்ட்ரெச்சரோடு நின்றுகொண்டிருந்தது. படிக்கட்டில் ஏறினாள். ஐம்பத்திரண்டு வயது, வலது முழங்கால் ஏற்கெனவே வீக்கம். முதல் மாடியில் மூச்சு முட்டியது. இரண்டாவதில் கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினாள். "கூட வர்றீங்களா, வர்றீங்களா" என்று படிக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டே ஏறினாள். எதிரே இறங்கி வந்த மருந்துக்காரர் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்.

நாலாவது மாடியில் தியேட்டர் வாசலில் தரையில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. வெளிச் செருப்போடு அதைத் தாண்டக் கூடாது. பெரிய டாக்டரே ஆனாலும் கோட்டுக்கு இந்தப் பக்கம் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். அக்கா இருபத்திரண்டு வருஷத்தில் ஒருதரம்கூடத் தாண்டியதில்லை. பழக்க தோஷத்தில் கால் தானாய் நின்றுவிட்டது. எதிரே கதவின் கண்ணாடி வழியாய்ப் பார்த்தாள். பச்சை உடையில் தியேட்டர் சிஸ்டர் மூட்டையின் டேப்பை உரித்துக்கொண்டிருந்தாள்.

செருப்போடு கோட்டைத் தாண்டிக் கதவில் மோதினாள்.

"திறக்காதீங்க! அந்த செட்டைத் தொடாதீங்க!"

சிஸ்டர் பதறித் திரும்பினாள். "அக்கா! செருப்பு! என்னக்கா, பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"அது வேகல. முழுசா வேகல சிஸ்டர்."

"டேப்பு கறுப்பாத்தானே இருக்கு?"

"கறுப்பாத்தான் இருக்கும். ஆறு நிமிஷந்தான் நின்னுருக்கு. இந்தாங்க, பாருங்க."

உள்ளே மேஜையில் பிள்ளை மயக்கத்தில் கிடந்தாள். காலில் மட்டும் வெளிச்சம் விழுந்தது, மருந்து தடவி மஞ்சளாய் இருந்தது. இன்னும் கத்தி படவில்லை. அதைப் பார்த்ததும் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

எலும்பு டாக்டர், கழுவிய கையை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்தபடி கதவுக்கு வந்து காகிதத்தைப் பார்த்தார். கத்தப் போகிறார் என்று நினைத்தாள். கத்தவில்லை. அது இன்னும் பயமாய் இருந்தது.

"நாளைக்குன்னு வச்ச செட்டு ரெண்டாவது தியேட்டர்ல இருக்கு, எடுத்துட்டு வாங்க" என்று சிஸ்டரை அனுப்பினார். பிறகு இவள் பக்கம் திரும்பினார். "இந்த லோடுல வேற என்ன இருந்துச்சு?"

"ரெண்டு துணி மூட்டை டாக்டர். கீழயே இருக்கு. வெளிய போகல."

"எத்தனை மணிக்குத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

இங்கே ஒரு பொய் தயாராய் நின்றது. இப்பத்தான் டாக்டர், தெரிஞ்ச உடனே ஓடி வந்தேன். யாருக்குத் தெரியும்? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் துணி அறையில் கூட ஒருத்தர் இருந்திருந்தால், அவருக்குத் தெரியும். கூட வா என்று படி நெடுகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தவளும் இவள்தானே.

"ஒன்னு இருபத்தஞ்சுக்கு," என்றாள்.

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாக மூன்று நிமிடம். "அரைமணி நேரமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"பயந்துட்டிருந்தேன் டாக்டர்."

அவர் உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் சிஸ்டர் வேறொரு மூட்டையோடு ஓடி வந்து, நிற்காமலே சொன்னாள்: "நாலு மணிக்கு மேட்ரன் ரூமுக்கு வரணுமாம், அந்தப் பேப்பரோட. கோட்டுக்கு அந்தப் பக்கம் போங்கக்கா, ப்ளீஸ்."

வாசலுக்கு வெளியே நீள பெஞ்சில் மூணாம் மாடி அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வாளியும் துடைப்பமும் சாய்ந்திருந்தன, வேலை நேரம் அல்லவா. அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "நீங்களே வந்துட்டீங்களாக்கா! என்ன சத்தம் உள்ள? புள்ள நல்லாருக்காளா?"

அக்கா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மணி அடித்தது, கண்ணை மூடிக்கொண்டே நிறுத்தியது, கையெழுத்து, தொலைபேசி, துணி அறை. அரைமணி நேரத்தையும் சேர்த்துச் சொன்னாள். டாக்டரிடம் சொன்னதைவிட இதுதான் கஷ்டமாய் இருந்தது. தலையை நிமிர்த்தவே முடியவில்லை.

மூணாம் மாடி எழுந்து வாளியை எடுத்துக்கொண்டு பெஞ்சின் அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்தாள். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. ஆபரேஷன் ஆரம்பித்துவிட்டது. இரண்டு பேரும் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிமிடங்கள் நகரவில்லை.

பொறுக்கமாட்டாமல் அக்காதான் வாயைத் திறந்தாள். "நான் ஒரு வார்த்தை ஜெபம்..."

"வேணாங்கக்கா." சட்டென்று வந்தது. "இன்னிக்கு நீங்க பண்ண வேணாம். நானே பேசிக்கறேன்."

அவள் கண்ணை மூடவில்லை. கையைக் கூப்பவில்லை. சிவப்பு விளக்கைப் பார்த்தபடி, அடுத்த அறையில் இருக்கிற ஆளிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

"ஆண்டவரே, நான்தான். காலையில அக்காவ விட்டுக் கேட்டேன், இப்ப நானே கேக்கறேன். புள்ள உள்ள இருக்கா. பக்கத்துலயே நில்லுங்க, எங்கயும் போயிராதீங்க. முழிச்சா என்னத் தேடுவா, நான் வெளியதான் இருக்கேன்னு சொல்லுங்க. அப்புறம், இந்த அக்கா மேல எனக்கு ரொம்பக் கோவமா இருக்கு. உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? ஆனா படியேறி ஓடி வந்தாங்க, முட்டி வீங்கிப் போய் உக்காந்திருக்காங்க. அவங்களுக்கும் யாரும் இல்லாத மாதிரி முழிக்கிறாங்க. அவங்க வேலைய எடுத்துராதீங்க. அவங்களயும் பாத்துக்கங்க."

ஆமென்கூடச் சொல்லவில்லை. பாதியில் நிறுத்திய பேச்சு போல நிறுத்திவிட்டு, மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தாள்.

ஐம்பத்திரண்டு வயதுக்கு அக்காவுக்காக ஒருத்தி வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை. வார்த்தை வராது என்று சொன்னவள்! அக்கா ஆமென் என்று சொல்லப் பார்த்தாள். ஊரே பேர் வைத்த அந்தச் சொல் அன்றைக்கு வாயில் வரவில்லை. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கோடியிலிருந்து மூணாம் மாடி ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கிட்டே வரவில்லை. நடுவில் இருந்த வாளியை மட்டும் அக்காவின் கால் தட்டாதபடி கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சிஸ்டர் தலையை நீட்டி, "தகடு வச்சாச்சு, தையல் போடறாங்க, புள்ள நல்லா இருக்கா" என்றாள். மூணாம் மாடி அப்படியே சுவரோடு சாய்ந்துவிட்டாள். அக்கா எழுந்தாள். முழங்கால் நெருப்பாய்ச் சுட்டது. கையில் அந்தக் காகிதச் சுருள் வியர்வையில் நனைந்து சுருண்டிருந்தது. அதைத் தொடையில் வைத்து நீவினாள்.

மேட்ரன் அறை முதல் மாடியில் இருந்தது. நர்ஸ்களுக்கெல்லாம் தலைவியான அந்தம்மாள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. வேலை இருக்குமா, சபையில் என்ன பேசுவார்கள், வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது, ஒன்றும் தெரியவில்லை. மத்தியானம் இருந்ததில் கால் பங்கு பயம்கூடக் குறையவில்லை. படிக்கட்டின் முதல் படியில் நின்று கைப்பிடியைப் பிடித்தாள்.

"மேட்ரன் ரூமுக்குப் போகணும்," என்றாள், கண்ணை மூடாமலே, பக்கத்தில் நிற்கிற ஆளிடம் சொல்வது போல. "எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு. நீங்களும் வாங்க."

ஒரு கையால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, மெதுவாய், ஓரமாய், பக்கத்தில் இன்னொருவர் இறங்க இடம் விட்டு இறங்கினாள்.